இயல்பு மழை யாருக்கு இயல்பு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மாதம் முடிந்ததும் பத்திரிகையின் ஒரு மூலையில் சின்னக் கட்டம் போட்டு ஒரு செய்தி வரும். இந்த மாதம் பெய்த மழை இவ்வளவு, பெய்ய வேண்டியது இவ்வளவு, இயல்பைவிட இத்தனை சதவிகிதம் கூடுதல் அல்லது குறைவு. கோடை காலமானால் வெயிலுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. சினிமாச் செய்தியைப் படிப்போம், கோர்ட்டுச் செய்தியைப் படிப்போம், இதைத் தாண்டிப் போய்விடுவோம். “மழை பெய்ததும் பெய்யாததும் நம் முதுகுக்குத் தெரியாதா, அதைக் காகிதத்தில் வேறு பார்க்க வேண்டுமா?” என்று கேட்கிற தோழர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு தாலுகாவில் வறட்சி உண்டா இல்லையா என்று சர்க்கார் பார்க்கும்போது முதலில் எடுப்பது நம் முதுகை அல்ல, அந்தக் கட்டத்தைத்தான். மழை இயல்புக்கு எவ்வளவு குறைந்தது என்பதே முதல் சோதனை. அந்தச் சோதனையில் தேறினால்தான் பயிர் எவ்வளவு போயிற்று, பூமியில் ஈரம் எவ்வளவு என்ற அடுத்த கேள்விகள் வரும். ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் வயிற்றுக் காரியம்.

அளக்கிற விதத்திலிருந்து தொடங்குவோம். தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளக்கிறார்கள். நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய கணக்கு. 2.5 மில்லிமீட்டராவது பெய்திருந்தால்தான் அந்த நாளுக்கு ‘மழை நாள்’ என்று பெயர். நம் கிராமங்களில் பெரியவர்கள் வேறு விதமாக அளப்பார்கள். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, “உழவு மழை பெய்திருக்கிறது” என்பார்கள். அதுவும் நல்ல அளவுதான். இன்னும் சொல்லப்போனால், வயலுக்கு வேண்டிய கேள்விக்கு அதுதான் நேரான பதில். ஆனால் கலெக்டர் ஆபீசில் அது செல்லாது. அங்கே மில்லிமீட்டர்தான் செல்லும்.

1 செ.மீ. மழை என்றால் ஏதோ விரல் நுனி அளவு என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை விழுந்தால் அது 40,000 லிட்டருக்குச் சற்று அதிகம். 15 லிட்டர் பிடிக்கும் குடமானால் ஏறத்தாழ 2,700 குடம். நம் பெண்கள் தலையில் சுமந்து ஊற்றினால் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி ‘இயல்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். இயல்பு என்றால் வானம் நமக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல. பல வருஷ மழையைக் கூட்டி வருஷங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. இந்திய வானிலைத் துறை இப்போது மழைக்கு 1971 முதல் 2020 வரை 50 வருஷச் சராசரியை வைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பத்துக்கு 1991 முதல் 2020 வரை 30 வருஷம். இயல்புக்கு மேலும் கீழும் 19 சதவிகிதம் வரை இருந்தால் ‘இயல்பு மழை’. 20 முதல் 59 சதவிகிதம் வரை குறைந்தால் ‘குறைவு’. 60க்கு மேல் குறைந்தால் ‘மிகக் குறைவு’. கூடுதலுக்கும் இதே படிக்கட்டு.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. பஞ்சப்படிக்கு விலைவாசிப் புள்ளி பார்க்கிறோம் அல்லவா? 1960ஐ 100 என்று வைத்தார்கள். பிறகு 1982ஐ 100 என்றார்கள், பிறகு 2001, இப்போது 2016. அடிப்படை வருஷத்தை மாற்றினால் புள்ளி சுருங்கிப் போகும், விலை சுருங்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பழைய புள்ளியைப் புதிய புள்ளியோடு இணைக்கும் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று சங்கங்கள் உட்கார்ந்து பார்த்தன. இயல்பு வெப்பமும் அதே ஜாதிதான். சூடேறிய வருஷங்களைச் சேர்த்து, குளிர்ந்த பழைய வருஷங்களைக் கழற்றிவிட்டால் இயல்பே மேலே ஏறிவிடுகிறது. “இந்த மாதம் இயல்பைவிட 1 டிகிரி கூடுதல்” என்று இன்று படிக்கிறோம். நம் தாத்தா காலத்து இயல்போடு ஒப்பிட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். இதில் மோசடி ஒன்றும் இல்லை. உலகம் முழுதும் இப்படித்தான் செய்கிறார்கள். எந்த அடிப்படையோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது விஷயம், சராசரி. பத்துப் பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவன் இலையில் இருபது இட்லி, மற்ற ஒன்பது இலையும் காலி. சராசரி பார்த்தால் தலைக்கு இரண்டு இட்லி. எல்லோரும் இயல்பாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்! மழைக் கணக்கிலும் இந்தப் பந்தி அடிக்கடி நடக்கிறது.

2023இல் நடந்ததைச் சொல்கிறோம். பாருங்கள்.

ஒரு பருவத்தின் கதை

தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் சுமார் 92 செ.மீ. மழை. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. மலைக்கு அந்தப்புறம் கேரளமும் கர்நாடகமும் நனைகின்றன, இந்தப்புறம் நாம் மழை மறைவில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வங்கக்கடல் ஈரத்தைக் கொண்டுவந்தால்தான் நமக்குக் குளமும் கிணறும். இந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து மாநிலத்தின் இயல்பு சுமார் 44 செ.மீ. அக்டோபருக்கு 17, நவம்பருக்கு 18, டிசம்பருக்கு 9 என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் மாநிலச் சராசரிதான். நாகப்பட்டினம் கடற்கரையில் பெய்வதில் பாதிகூடக் கோவையில் பெய்வதில்லை.

2023 ஜூன் 12ஆம் தேதி, வழக்கமான நாளிலேயே, மேட்டூர் அணை திறக்கப்பட்டது. டெல்டாவில் குறுவை நட்டார்கள். ஆகஸ்டில் வானம் கைவிட்டது. அந்த ஆகஸ்டு 1901 முதல் உள்ள கணக்கிலேயே இந்தியா முழுமைக்கும் மிக வறண்ட ஆகஸ்டு. இயல்பைவிட 36 சதவிகிதம் குறைவு. கர்நாடகத்தில் அணைகள் நிரம்பவில்லை, காவிரியில் நமக்கு உரிய தண்ணீர் வரவில்லை, வழக்கு மன்றம் ஏறிற்று. அக்டோபர் 10ஆம் தேதி மேட்டூர் மூடப்பட்டது. கடைமடையில் குறுவை கருகியது. சம்பாவுக்கு இனி மழைதான் கதி. அந்த அக்டோபரில் மாநிலத்துக்கு வர வேண்டிய 17 செ.மீ.க்குப் பதில் 10 செ.மீ.கூட வரவில்லை. 43 சதவிகிதம் குறைவு.

டிசம்பர் பிறந்தது. முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 17, 18 தேதிகளில் தெற்கே திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்தாலும் 70 செ.மீ.க்குள்தான். ஒரு வருஷத்து மழையையும் தாண்டி ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி ஊருக்குள் நடந்தது. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று.

டிசம்பர் 31ஆம் தேதி பருவக் கணக்கை மூடினார்கள். மாநிலம் முழுமைக்கும் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 4 சதவிகிதம் கூடுதல். படிக்கட்டுப்படி இதற்குப் பெயர் என்ன? இயல்பு மழை!

எண் பொய் சொல்லவில்லை, தோழர்களே. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருந்தன. காய்ந்துபோன அக்டோபரையும் மூழ்கிப்போன டிசம்பரையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தால் தராசு முள் நடுவே நிற்கும். தஞ்சாவூர்க் கடைமடையில் கருகிய குறுவைக்காரனையும் ஏரலில் வீடு இழந்தவனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ‘இயல்பான மனிதன்’ ஒருவன் கிடைப்பான். அப்படி ஒருவன் எந்த ஊரிலும் இல்லை.

ஆகவே பருவக் கணக்கைக் காட்டி யாராவது பேச வந்தால் மாதக் கணக்கைக் கேளுங்கள். மாதக் கணக்கைக் காட்டினால் வாரக் கணக்கைக் கேளுங்கள். மாநிலக் கணக்கைக் காட்டினால் மாவட்டம், தாலுகா, பிர்க்கா என்று இறங்கிக் கேளுங்கள். இப்போது தானியங்கி மழைமானிகள் ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். முன்னைப்போலத் தாலுகா ஆபீஸ் மாடியில் ஒன்று இருந்தால் தாலுகா முழுதும் நனைந்ததாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே மழை, இரண்டு விலை

மழையின் அளவைவிட அது வந்த நாள் பெரிது என்பதற்கும் அதே வருஷம் ஒரு சாட்சி உண்டு. பிப்ரவரி மாதத்தில் நம் மாநிலத்துக்கு இயல்பு மழை 1 செ.மீ.க்குச் சற்றுக் கூட. யாரும் எதிர்பார்க்காத மாதம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா, தாளடி அறுப்புக்கு நின்ற நேரம். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரமிருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். போராடிய பிறகு அந்த அளவைத் தளர்த்தினார்கள். சர்க்கார் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நவம்பரில் அதே மழை பெய்திருந்தால் ஊரில் பொங்கல் வைத்திருப்பார்கள்.

ஹெக்டேருக்கு 20,000. நல்லது. அது விவசாயிக்குக் கிடைக்க வேண்டியதுதான். குத்தகைக்காரனுக்கும் சிறு விவசாயிக்கும் அது கைக்கு வந்து சேரும் வரை நாம் அவர்களோடு நிற்கிறோம். அதே 2023 அக்டோபரில் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். பயிரில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 33 சதவிகிதம், சேதமானால்தான் நிவாரணம் என்பது விதி. 2015க்கு முன்பு 50 சதவிகிதம் என்று இருந்தது.

இப்போது ஒரு கேள்வி. ஹெக்டேர் இல்லாதவனுக்கு எவ்வளவு?

அந்த வயலில் கதிர் அறுக்கக் காத்திருந்த பெண்ணுக்கு எத்தனை நாள் கூலி போயிற்று? அவளிடம் பட்டா இல்லை, சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. சேதக் கணக்கு எடுக்க வருகிறவர் வரப்பில் நின்று வயலைப் பார்க்கிறார். வரப்பில் நிற்கிற அவளைப் பார்க்க அவருடைய படிவத்தில் பத்தி இல்லை. கதிர் சாய்ந்து சேறாகிவிட்டால், கையால் அறுக்க ஆள் கூப்பிடுவதை விட்டுச் சேற்றில் ஓடும் பெல்ட் மெஷினைக் கொண்டுவருகிறார்கள். அதற்கு மணிக்கு வாடகை கூடுதல். விவசாயிக்கு அதில் நஷ்டம், கூலிக்காரிக்கு வேலையே இல்லை. மழை ஒன்று, அடி இரண்டு. ஒரு அடிக்குத்தான் கணக்கு.

வறட்சியிலும் இதே கதைதான், இன்னும் நுட்பமாக. ஆற்றில் தண்ணீர் பிந்தினால் நாற்றங்கால் விட நேரமில்லை. விவசாயி நேரடியாக விதைத்துவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை, வேறு வழியில்லை. விவசாய இலாகா கணக்கில் ‘சாகுபடிப் பரப்பு: இயல்பு’ என்றே வரும். விளைச்சலும் கிட்டத்தட்ட வந்துவிடலாம். ஆனால் நாற்றுப் பறிப்பு இல்லை, நடவு இல்லை. நடவு என்பது பெண்களின் வேலை. அந்த வருஷம் ஒரு பெண்ணுக்கு நடவு நாள் அத்தனையும் போய்விட்டது. பரப்பு இயல்பு, விளைச்சல் இயல்பு, அவள் அடுப்பு மட்டும் இயல்பில்லை.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடகிழக்குப் பருவத்தில் 44 செ.மீ.க்குப் பதில் 17 செ.மீ.கூடப் பெய்யவில்லை. 62 சதவிகிதம் குறைவு. சராசரி மறைக்க முடியாத அளவுக்குக் குறைவு. காவிரியிலும் தண்ணீர் இல்லை, மேட்டூரையே செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தார்கள். கருகிய பயிரைப் பார்த்து டெல்டாவில் விவசாயிகள் மடிந்த செய்தி நாளுக்கு நாள் வந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்கள். நிலவரி தள்ளுபடி, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். விவசாயத் தொழிலாளிக்கு? அப்போது நடப்பிலிருந்த நூறு நாள் வேலையை 150 நாளாக்குவதாகச் சொன்னார்கள். தொழிலாளிக்கென்று அந்த அறிவிப்பில் இருந்த ஒரே வரி அதுதான். அந்த வரியும் தானாக வந்துவிடவில்லை. ஊர் ஊராக மறியலும் மனுவும் நடந்த காலம் அது.

பழைய கணக்குப் புத்தகம்

இந்த மழைக் கணக்கு இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல. சென்னையில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வானாராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். சென்னை மழைக்கு 1813 முதல் கணக்கு இருக்கிறது. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்ததும், 1866, 1871 ஆண்டுகளில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததும் சேர்ந்து, 1875இல் வெள்ளைக்கார சர்க்கார் வானிலைத் துறையை அமைத்தது. துறை பிறந்த மறு வருஷமே, 1876இல், தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். மழை எத்தனை அங்குலம் குறைந்தது என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. இருந்து என்ன? 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வந்து, நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினான். பஞ்சக் கூலிகள் வெட்டிய கால்வாய் சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இன்றும் கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு அது. பெயர் மட்டும் துரையுடையது.

வெயிலும் ஆலையும்

“இதெல்லாம் வயல்காட்டுச் சங்கதி, ஆலைக்குள் இருப்பவனுக்கு என்ன?” என்று கோவைப் பக்கத்துத் தோழர்கள் கேட்கலாம். பழைய தொழிலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். பைகாரா 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. அந்தத் தண்ணீர் மின்சாரத்தில்தான் நம் பஞ்சாலைகள் பெருகின. மலையில் மழை பொய்த்தால் கீழே பவர் கட், பவர் கட் என்றால் லே-ஆஃப். நீலகிரியில் மேகம் கூடவில்லை என்றால் சிங்காநல்லூரில் ஷிப்டு இல்லை. இன்று மின்சாரத்துக்கு வேறு வழிகள் வந்துவிட்டன. பஞ்சு விளைவதோ இன்றைக்கும் மழையில்தான்.

மழையைவிட இப்போது ஆலைத் தொழிலாளியை நேராகத் தாக்குவது வெப்பம். பத்திரிகையில் “நேற்று 38 டிகிரி” என்று வருகிறதே, அது எந்த இடத்து 38? வெட்டவெளியில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றுப் புகும்படி பலகை இடைவெளி விட்டு, வெள்ளை அடித்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் நிழலில் தொங்கும் வெப்பமானி காட்டிய 38. வெயிலில் களையெடுக்கிறவளுக்கும், சூளையில் செங்கல் அடுக்குகிறவனுக்கும், தகரக் கொட்டகையில் தறி ஓட்டுகிறவனுக்கும் அது 38 அல்ல.

ஸ்பின்னிங்கில் நிலைமை இன்னும் வேறு. காற்று காய்ந்தால் நூல் அறும். ஆகவே ஆலைக்குள் வேண்டுமென்றே ஈரத்தை ஏற்றுகிறார்கள். நூல் அறாமல் ஓடுகிறது, மனிதன் உடம்பில் வேர்வை காய மறுக்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, மயக்கம் எல்லாம் இதனால்தான். இதை அளக்க இரண்டு வெப்பமானிகளை ஜோடியாக மாட்டுவார்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். உலர்ந்தது காட்டுவது பத்திரிகை வெப்பம், ஈரத்துணி சுற்றியது காட்டுவது ஏறத்தாழ நம் உடம்பு படும் பாடு. இரண்டும் நெருங்கி வந்தால் ஆபத்து. 1948இல் வந்த ஃபாக்டரி சட்டத்தில் 13ஆம் பிரிவு காற்றோட்டத்துக்கும் வெப்பத்துக்கும், 15ஆம் பிரிவு செயற்கையாக ஏற்றும் ஈரப்பதத்துக்கும் என்றே எழுதினார்கள். ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், எப்படிச் சோதித்துப் பதிவு செய்வது என்பதற்கு விதி போடச் சொன்னார்கள். உங்கள் டிபார்ட்மெண்டில் அந்த ஜோடி வெப்பமானி எங்கே தொங்குகிறது? யார் பார்க்கிறார்கள்? எந்த நோட்டில் எழுதுகிறார்கள்? நாளை ஷிப்டுக்குப் போகும்போது பாருங்கள்.

‘வெப்ப அலை’ என்ற அறிவிப்புக்கும் இயல்புதான் அளவுகோல். சமவெளியில் 40 டிகிரியாவது தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. கத்திரியில் வேலூர் மாதிரி ஓர் ஊரில் இயல்பே 39 என்று வையுங்கள். 42 அடித்தால் வித்தியாசம் 3 டிகிரிதான். அறிவிப்பு இல்லை. தினமும் வேகிற ஊரில் வேகுவது இயல்பாகிவிடுகிறது! ஊட்டியில் 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி அடித்தது. அங்கே அது இயல்பைவிட 5 டிகிரிக்கும் மேல், ஊரெல்லாம் பேச்சு. பேச வேண்டியதுதான். ஆனால் நம் உடம்புக்கு இயல்பு என்ற கணக்குத் தெரியாது. 42 என்றால் 42.

இரவுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச வெப்பம் என்று போடுவார்கள். அதை யாரும் கவனிப்பதில்லை. பகலில் வெந்த உடம்பு இரவில் ஆற வேண்டும். அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மின்விசிறி சூட்டையே சுழற்றி அடிக்கிற லைன் வீட்டில், குறைந்தபட்சமே 28, 29 என்று நின்றால் மறுநாள் ஷிப்டுக்குப் போகிறவன் முதல் நாளின் களைப்போடுதான் போகிறான். நெல்லும் அப்படித்தான். பூக்கிற வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். செத்தவனுக்குத் தொகை நிர்ணயமாகிவிட்டது. மயங்கி விழாமலிருக்க மத்தியானம் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்தி உட்கார்ந்தவனுக்கு அந்த மூன்று மணிக் கூலியை யார் கொடுப்பது என்பது இன்னும் நிர்ணயமாகவில்லை.

உப்பளத்தார் வாங்கியது

முடியாத காரியமா இது? தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பாருங்கள். மழை பெய்தால் உப்பு இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை. இது வானம் இயல்பாகப் பெய்தாலே வருகிற கஷ்டம். ‘இயல்பு மழை’ என்றால் அவர்கள் வீட்டில் இயல்பான பட்டினி. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்குத் தருவதுபோல் எங்களுக்கும் மழைக்காலத்தில் தா என்று பல காலம் கேட்டார்கள். 2022 முதல் அந்த மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரத் தொடங்கினார்கள். தொகை போதாது என்பது வேறு. மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் நாளுக்குச் சுமார் 55 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் அதிலுள்ள கொள்கையைக் கவனியுங்கள். ஹெக்டேர் கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை. மழையினால் வேலை போகிறது, ஆகவே கொடு. நடவு இழந்த பெண்ணுக்கும் அறுப்பு இழந்த பெண்ணுக்கும் வெயிலில் வேலை நின்ற சூளைக்காரனுக்கும் இதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்கும்போது கையில் கணக்கு வேண்டும். “ரொம்ப நாள் வேலை இல்லீங்க” என்றால் தாசில்தார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மனுவை எடுப்பார். “நவம்பர் மாதம் 30 நாளில் 19 நாள் வேலை இல்லை, அதில் 11 நாள் மழை, 8 நாள் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, தெருவில் 64 வீட்டுக்கும் கணக்கு இதோ” என்றால் பேனாவைக் கீழே வைப்பார். சர்க்காரின் கட்டத்தில் மூன்று பத்திகள் இருக்கின்றன: பெய்தது, இயல்பு, வித்தியாசம். நாலாவது பத்தியை நாம்தான் எழுதியாக வேண்டும்.

தெருவுக்கு ஒரு நோட்டு போதும். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை ஒன்று பொறுப்பெடுத்துக்கொண்டால் மாதம் தவறாது. தேதி, மழை, வேலை உண்டா, எந்த வேலை, எத்தனை மணி, கூலி எவ்வளவு. ஆலைத் தெருவானால் மழைக்குப் பதில் டிபார்ட்மெண்டில் தொங்கும் இரண்டு வெப்பமானிகளின் எண்ணும், அன்று எத்தனை பேருக்குத் தலை சுற்றியது என்பதும். மே, ஜூனில் ஜமாபந்தி வரும்போது வருஷத்து நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

மழையளக்க விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக, நேர்ச் சுவராக உள்ள டப்பா எதுவானாலும் சரி. நடுவில் குறுகியதோ, வாய் விரிந்ததோ உதவாது. மரத்துக்கும் வீட்டுக்கும் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். காலை 8.30க்குப் பள்ளிக்கூட ஸ்கேலை நட்டுப் பார்த்து எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஸ்கேலின் ஓரத்திலிருந்து பூஜ்யக் கோடு வரை கொஞ்சம் இடம் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்துவிடாமல் சுற்றிலும் நாலு செங்கல் வையுங்கள். முக்கியமாக, மாடு வந்து தண்ணீர் குடித்துவிடாத இடமாகப் பார்த்து வையுங்கள்.